கல் வைக்காத மேசைவிரிப்பு

2009-ஆம் ஆண்டு அக்டோபர் பதினேழாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு எல்வியோ பிரிச்சர்ட் என்ற மனிதரை நான் முதன்முதலாகக் கண்டேன். கண்டது அவருடைய முதுகைத்தான். 'லா பெர்திஸ்' சாலையோர விடுதியின் கதவு மேற்குப் பார்த்தது. காற்று வீசும் நாளில் அதற்குள் நுழைகிற எவரும் முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கித்தான் நுழைய முடியும். எங்கள் மேட்டுச் சமவெளியில் காற்று வீசாத நாள் ஆண்டுக்கு நான்கைந்து வந்தால் அதிகம்.

அவர் திரும்பியபோது இரண்டு கைகளிலும் ஒரு வெள்ளை மேசைவிரிப்பைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தியிருந்தார். ஓரம் முழுவதும் நீல நூலில் பூவேலை செய்த விரிப்பு அது. நடுவே நாலைந்து இடங்களில் மஞ்சள் முட்கள் குத்தி நின்றன.

"இது இங்க யாரோடது?" என்று கேட்டார்.

விடுதியின் உரிமையாளர் ஹெர்மிந்தா ஒயார்சூன் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வெளியே வந்தார். அன்று காலை கொடியிலிருந்து பறந்துபோன விரிப்பு அது. இனி அட்லாண்டிக் கடலில் தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் கைவிட்டிருந்தார்.

"எங்க கிடைச்சுது?"

"ரெண்டாவது காத்தாலைக்குப் பக்கத்துல. ஒரு கலஃபாத்தேப் புதர்ல மாட்டியிருந்துச்சு. வழியில இருந்த மத்த செடியெல்லாம் விட்டுடுச்சு, அது ஒண்ணு மட்டும் பிடிச்சு வச்சிருந்துச்சு."

மூலை மேசையில் தன் லாரி குளிரட்டும் என்று உட்கார்ந்திருந்த குண்டு அனிபால் நாவெல்கிர் கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னான்: "அப்போ அந்தப் புதருக்குத்தான் சோறு போடணும், அக்கா. இவருக்கு எதுக்கு?"

ஆனாலும் அவருக்கு ஆட்டிறைச்சிச் சாறும் பொரித்த ரொட்டியும் கிடைத்தன. அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து ஹெர்மிந்தா ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். அந்த விரிப்பின் கதையை எங்களுக்கு அவர் பலமுறை சொல்லியிருந்தார். புதியவருக்கு இன்னொருமுறை சொன்னார். மழைக்குப் பஞ்சமில்லாத சிலோயே தீவில் பிறந்த அவருடைய தாய், முற்றத்து ஆப்பிள் மரத்தடியில் விருந்து வைப்பதற்கென்றே அதைத் தைத்தாராம். தந்தை குடும்பத்தை அழைத்துக்கொண்டு மலையைத் தாண்டி இங்கே வந்து, பிறந்த தீவு இருக்கும் திசையைப் பார்த்துக் கதவு வைத்தார். திசை சரிதான். காற்றும் அதே திசையிலிருந்துதான் வந்தது. அன்று முதல் அந்த விரிப்பு வெளியே கொடியைத் தவிர வேறொன்றையும் கண்டதில்லை.

"நாலு மூலையிலயும் கல்லு வச்சு விரிக்கலாமே" என்றார் எல்வியோ.

"கல்லு வச்ச வெள்ளைத் துணியப் பார்த்தா எனக்குச் சமாதி ஞாபகம் வருது. சமாதில உட்கார்ந்து யாரு சாப்பிடுவா?"

எல்வியோவின் தொழில் நீர் இறைக்கும் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பது. பண்ணைக்குப் பண்ணை பழைய பிக்கப் வண்டியில் போவார். இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஏறி, பற்சக்கரத்துக்கு எண்ணெயிட்டு, வளைந்த தகட்டை நிமிர்த்திவிட்டு இறங்குவார். கடல் தாண்டி வந்து குடியேறிய வெல்ஷ்காரர்களின், வாய்க்கால் பாசனம் நடக்கும் பள்ளத்தாக்கில் பிறந்தவர். அங்கே ரோஜா வேலியும் பழத்தோட்டமும் இல்லாத வீடு கிடையாது. அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது, மணமாகாதவர். பேசுமுன் ஒரு கணம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் எதிரே இருப்பவர் இரண்டு வாக்கியம் பேசி முடித்திருப்பார். வாழ்நாள் முழுவதும் காற்றை நம்பிப் பிழைத்த அவர், ஒரு முற்றத்தின் அளவுக்கு அந்தக் காற்றையே நிறுத்தப் பாடுபட நேர்ந்ததுதான் இந்த வரலாறு.

அந்த அக்டோபருக்குப் பிறகு லா பெர்திஸைச் சுற்றியிருந்த காற்றாலைகள் மற்ற வட்டாரத்துக் காற்றாலைகளைவிட அடிக்கடி நோயில் விழுந்தன. நான் ஆசிரியராக இருந்த பள்ளியின் மாணவர் விடுதியில் சனிக்கிழமைகளில் அடுப்பு எரியாது என்பதால் அன்று நான் ஹெர்மிந்தாவின் மேசையில்தான் சாப்பிடுவது வழக்கம். பல சனிக்கிழமைகளில் அந்த நீலநிற பிக்கப் எனக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். அனிபால் அதைக் காணும்போதெல்லாம், எந்தக் காற்றாலைக்கு இன்று காய்ச்சல் என்று கேட்பான். எல்வியோ சற்று நிறுத்தி, மெய்யாகவே பழுதான ஒரு காற்றாலையின் பெயரைச் சொல்வார். பொய் சொல்ல அவருக்கு வராது. பழுது இல்லாத இடத்திலும் பழுது கண்டுபிடிக்க மட்டும் வரும்.

2011-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு முடித்து, ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் அவர் ஹெர்மிந்தாவைத் தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டார். மாத்தே என்னும் கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். ஹெர்மிந்தாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இருபது ஆண்டுகளாக விடுதியைத் தனியாக நடத்தியவர். குடிகாரர்களையும் பனிப்புயல்களையும் வரி வசூலிப்போரையும் ஒரே குரலில் வெளியே அனுப்பப் பழகியவர். அந்தக் குரல் அன்று வரவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என் அம்மாவோட விரிப்பை இந்த முற்றத்துல விரிச்சு, ஒரு கல்லும் வைக்காம, முதல் வாயிலேருந்து கடைசி வாய் வரைக்கும் என்னைக்கு உட்கார்ந்து சாப்பிடறோமோ, அன்னைக்குக் கட்டிக்கிறேன்."

விடுதி அதிரச் சிரித்தது. இந்த ஊரில் அது 'ஒருநாளும் இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி. எல்வியோ சிரிக்கவில்லை. சற்று நிறுத்திக் கேட்டார்:

"முற்றத்துல எந்தப் பக்கம்?"

முதலில் அவர் சுவர் எழுப்பினார். கைவிடப்பட்ட பண்ணைக் கொட்டகையின் தகடுகளைக் கொண்டுவந்து, முற்றத்தின் மேற்கே ஆளுயரத்துக்கு மேல் இடைவெளியே இல்லாமல் நிறுத்தினார். காற்றாலைக் கோபுரங்களின் உச்சியில் காற்று எப்படி ஓடும் என்பது அவருக்கு உள்ளங்கைக் கோடுபோலத் தெரியும். தரையில் அது எப்படி உருளும் என்பதை அவர் கவனித்ததில்லை. சுவரில் முட்டிய காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் குதித்து, முற்றத்தின் நடுவில் சுழன்றது. வெள்ளோட்டத்துக்காக வைத்த சாறு நிமிடத்தில் சேறானது. ஒரு கோழி தன் விருப்பமின்றிக் கூரைமேல் ஏறியது. ஹெர்மிந்தா சன்னலுக்கு உள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டு, முன்பு காற்று ஒரு திசையிலிருந்து மட்டும் வந்தது, இப்போது நான்கு திசையிலிருந்தும் வருகிறது என்று குறிப்பிட்டார்.

எல்வியோ அந்தப் பிற்பகல் முழுவதும் முற்றத்தில் உட்கார்ந்து, ஆட்டுமயிர்த் துணுக்குகளைக் காற்றில் விட்டு அவை போகும் வழியைப் பார்த்தார். பிறகு தகடுகளைக் கழற்றினார். காற்றை அடைக்கக் கூடாது, சல்லடையில் சலிப்பதுபோலச் சலிக்க வேண்டும் என்றார். பாதியை நிறுத்திப் பாதியை விடுகிற ஏதாவது வேண்டும். அப்படியொன்று புதரைத் தவிர வேறில்லை என்றார்.

தவறு அங்கேயும் இருந்தது. தன் பள்ளத்தாக்கில் கண்ட புதர்களையே அவர் முதலில் நினைத்தார். தங்கையின் தோட்டத்திலிருந்து பளபளக்கும் இலை கொண்ட வேலிச்செடிகளையும் ரோஜாக் கன்றுகளையும் வண்டி நிறையக் கொண்டுவந்தார். கோடையில் அவை தழைத்தன. கிறிஸ்துமஸுக்கு இரண்டு ரோஜாக்கள்கூடப் பூத்தன. அனிபால் அவற்றைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினான். பிறகு ஜூன் வந்தது; உலகின் இந்தத் தென்பாதியில் அதுதான் குளிர்காலம். எங்கள் குளிரில் மண் ஒரு முழ ஆழத்துக்கு உறைந்துவிடும். வேருக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. ஆனால் காற்று தன் பங்குக்கு இலையிலிருந்து உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. குளிர் தாங்கும் என்று பெயர் பெற்ற செடிகள்தான் அவை. ஈரமான குளிரைத் தாங்கிய செடிகளுக்கு இந்த வறண்ட குளிர் புதிது. செப்டம்பரில் அவை துடைப்பங்களாக நின்றன. ஹெர்மிந்தா அவற்றை வெட்டி அடுப்பில் இட்டார். நன்றாக எரிகிறது, அடுத்த ஆண்டும் இதே வகையைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் எல்வியோ சமவெளியையே நம்பினார். பூத்துக் குலுங்கிய கலஃபாத்தே ஒன்றையும், வெண்பூ மணந்தாலும் எங்கள் பக்கம் 'கறுப்புப் புதர்' என்றே அழைக்கும் செடிகள் நான்கையும் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டு வந்து நட்டார். தோண்டும்போதே அவை இறந்துவிட்டிருந்தன என்பது நட்டபின்தான் தெரிந்தது. தரைக்கு மேல் முழங்கால் உயரம் நிற்கிற கறுப்புப் புதருக்குத் தரைக்குக் கீழே ஆளுயர வேர். அதை அறுத்த பிறகு அதற்குத் தண்ணீர் காட்டிப் பயனில்லை. அனிபால் அந்த ஐந்துக்கும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான். "அஞ்சு பேரையும் உயிரோட புதைச்சுட்டீங்க, காத்தாலைக்காரரே" என்றான்.

ஆகவே வளர்ந்ததைக் கொண்டுவரக் கூடாது. விரலளவு இருக்கும்போதே வேரோடும் அது முளைத்த மண்ணோடும் எடுக்க வேண்டும். எல்வியோ மாத்தே இலை வரும் காகிதப் பைகளை விடுதியில் சேர்த்துவைக்கச் சொன்னார். காற்றாலை ஏறப் போகும் பண்ணைகளில், கோபுரத்தின் நிழலில் முளைத்திருந்த கறுப்புப் புதர்க் கன்றுகளைத் தேடி, பைக்கு ஒன்றாக எடுத்துவந்தார். நடுவதையும் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்கு மாற்றினார். வசந்தக் காற்று தொடங்குமுன் வேர் ஒரு குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்திருக்க வேண்டும் என்பது கணக்கு. யாரும் வாங்காத வயிற்றுப்புற ஆட்டுமயிரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் அடியிலும் கம்பளம்போலப் பரப்பினார். நாற்பது கன்றுகள், மேற்கே மூன்று வரிசை. ஆண்டு 2014.

பனிக்காலம் கழிந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. எல்வியோ அந்த அக்டோபரில் இரண்டாவது தட்டுச் சாறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரிடம் கண்ட உச்சகட்ட ஆரவாரம் அதுதான்.

நவம்பரில் கன்றுகள் மஞ்சளாயின. டிசம்பரில் அடித்தண்டு கறுத்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அழுகல். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஒரு சாண் மழை பெய்யாத இடத்தில் செடி ஒன்று ஈரத்தில் அழுகிச் செத்தது என்று எவரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எல்வியோவும் நம்பவில்லை. நிலத்தடியில் ஊற்று எதுவும் உண்டா என்று கம்பியால் குத்திப் பார்த்தார்.

இவ்விடத்தில் தாகத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முற்றத்தின் மேற்கு மூலையில், சாலையை ஒட்டி, 'இறந்தவள்' என்னும் பொருளில் திஃபுந்தா என்றும் வணங்கப்படும் அவளுக்கு ஒரு சிறு செங்கல் மாடம் உண்டு. பாலைவெளியில் தாகத்தால் இறந்துபோன பின்னும் பிள்ளைக்குப் பால் வற்றாமல் கொடுத்தவள் அவள். லாரிக்காரர்கள் அவளைத் தாண்டிப் போகும்போது நிறுத்தி, ஒரு புட்டித் தண்ணீர் வைத்து, டயர் வெடிக்காமலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமலும் நேர்ந்துகொள்வார்கள். மாடத்தைச் சுற்றி எப்போதும் நூறு நூற்றைம்பது புட்டிகள் வெயிலில் மின்னும். தாகத்துக்கு அதைக் குடிக்கலாம். வேறெதற்கும் தொடும் வழக்கமில்லை.

எல்வியோ அந்த டிசம்பரில் ஒருநாள் விடுதி முற்றத்தில் வண்டிக்குள்ளேயே படுத்திருந்தார். விடியும்போது கண்விழித்தவர் கண்ணாடி வழியே ஹெர்மிந்தாவைக் கண்டார். தலையில் கம்பளித் தொப்பி, இரு கைகளிலும் இரண்டு புட்டிகள். வரிசையில் நடந்து ஒவ்வொரு கன்றுக்கும் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றும்போது கன்றுகளோடு ஏதோ பேசவும் செய்தார்.

எல்வியோ கதவைத் திறந்து இறங்கினார். இந்த உரையாடலை இருவருமே பின்னர் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

"தாகத்தாய்கிட்டேருந்து எடுத்தீங்களா?"

"எடுக்கலை. கைமாத்தா வாங்கினேன். மறுபடி நிரப்பி வச்சிடுவேன்."

"எத்தனை நாளா?"

"நட்ட அன்னைலேருந்து."

எல்வியோ வழக்கமான இடைவெளியைவிட நீண்டதொரு இடைவெளி விட்டார். பிறகு சொன்னார்: "இதுங்க குடிச்சுப் பழகாத சாதி, தோன்யா ஹெர்மிந்தா."

"அதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ஊத்துவீங்கன்னு நான் நினைக்கவே இல்லையே."

ஹெர்மிந்தா புட்டிகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று காலை ரொட்டி கருகியது. இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் முதன்முறை. எல்வியோ செத்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே சீழ்க்கை அடித்தார். நாற்பது செடி போன ஒருவர் அப்படிச் சீழ்க்கை அடித்து எவரும் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டில் மற்றொன்று வெளிப்பட்டது. செடிகள் தண்ணீரால் செத்தன என்று எல்வியோ பொதுவாக அறிவித்ததும், ஹெர்மிந்தாவின் முகம் சிவப்பதற்கு முன்னால் குண்டு அனிபாலின் முகம் சிவந்தது. போகிற வழியில் ஒவ்வொரு முறையும் அவனும் இரண்டு புட்டி ஊற்றியிருந்தான். எல்வியோவுக்குக் கல்யாணம் நடந்தால் தாகத்தாய்க்கு ஒரு பெட்டி தண்ணீர் என்று நேர்ந்துகொண்டு, அந்த நேர்த்திக் கடனை முன்கூட்டியே செலுத்திவந்தானாம். அவனுக்கு அடுத்த மேசையில் இருந்த எரிபொருள் லாரிக்காரன் தொண்டையைச் செருமினான். தானும் அப்படித்தான், ஆனால் வியாழக்கிழமைகளில் மட்டும் என்றான். பேருந்து ஓட்டுநர், கால்நடை மருத்துவர், சாலைப் பணியாளர் இருவர் என்று வரிசையாக ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன் மட்டுமே ரகசியமாக உதவுவதாக எண்ணியிருந்தார். அந்த நாற்பது கன்றுகளும் அந்த வசந்தத்தில் குடித்த தண்ணீரை அவற்றின் பரம்பரையில் எதுவும் குடித்திருக்காது.

எல்வியோ எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"குளிரைப் பார்த்தேன், காத்தைப் பார்த்தேன், உப்புமண்ணைப் பார்த்தேன். உங்களைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார்.

அடுத்த ஓராண்டு அவர் எதையும் நடவில்லை. பார்த்தார். மாடத்தின் பக்கம் யார் எவ்வளவு ஊற்றுகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது, முற்றத்தில் பனி எங்கே குவிகிறது என்றெல்லாம் பார்த்தார். தாகத்தாயின் மாடத்தை இடம் மாற்றலாம் என்று கால்நடை மருத்துவர் ஒருமுறை சொன்னார். அதன்பின் ஒரு வாரம் அவருக்கு யாரும் மாத்தே ஊற்றித் தரவில்லை. மாடம் நகராது, லாரிக்காரர்களின் பக்தியும் நகராது, ஹெர்மிந்தாவின் கையை மட்டும் கட்டலாம், அதுவும் நிச்சயமில்லை. எனவே செடிகள்தான் மனிதர்களுக்கு ஏற்ப நிற்க வேண்டும் என்று எல்வியோ முடிவுக்கு வந்தார்.

2016 ஏப்ரலில் அவர் தாகத்தின் அளவுப்படி புதர்களை நிறுத்தினார். மாடத்தைச் சுற்றி, புட்டித் தண்ணீர் வழியும் இடமெல்லாம், ஆற்றங்கரையிலிருந்து வெட்டிவந்த கூடை பின்னும் வில்லோப் போத்துகளை ஊன்றினார். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கிற செடி அது. எங்கள் குளிருக்கும் அஞ்சாது. அடுத்த வரிசை கலஃபாத்தே. கல்மேட்டிலும் முளைக்கும், ஓடையோரத்திலும் முளைக்கும். கொடுத்தால் குடிக்கும், கொடுக்காவிட்டால் கேட்காது. முதல்நாள் அந்த விரிப்பைப் பிடித்துவைத்த புதரின் அருகே பழம் உதிர்ந்து முளைத்த கன்றுகளையே அதற்குத் தேடி எடுத்தார். எல்லாவற்றுக்கும் வெளியே, காற்று முதலில் வந்து மோதுகிற இடத்தில், ஒரு சொட்டும் கூடாத கறுப்புப் புதர். அந்த வரிசைக்குக் காவலாக, மனிதரில் எவரையும் பிடிக்காத தன் வான்கோழிச் சேவலை ஹெர்மிந்தா அவிழ்த்துவிட்டார். அனிபால் தன் கால்சட்டையின் பின்புறத்தில் ஒரு கிழிசலைப் பெற்ற பிறகு, வெளி வரிசைப் பக்கம் பக்தி எட்டிப்பார்க்கவில்லை.

ஹெர்மிந்தாவுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. வில்லோவில் அவர் விரும்பும் அளவுக்கு ஊற்றலாம், ஆனால் அங்கே நின்றுவிட வேண்டும். "கலஃபாத்தேக்கு?" என்று அவர் கேட்டார். எல்வியோ யோசித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குவளை என்று அனுமதித்தார்.

பிறகு காத்திருப்பு. கலஃபாத்தே அவசரப்படாத செடி. ஒரு கோடையில் விரல் நீளம் வளர்ந்தால் அது பெரிய ஆண்டு. இரண்டாம் குளிர்காலத்தில் வில்லோக்கள் ஆளுயரம் ஆயின. மூன்றாவதில், எப்போதும் கதவை மூடிவிடுகிற பனிக்குவியல் முதன்முறையாக வெளி வரிசையிலேயே தங்கிவிட்டது. அது உருகிய நீர் கலஃபாத்தேயின் அடிக்கே போய்ச் சேர்ந்தது. நான்காவது வசந்தத்தில் ஒரு சிட்டு கூடு கட்டியது. அந்த வசந்தத்தில்தான் ஹெர்மிந்தா முற்றத்திலிருந்து கதவை மார்பால் தள்ளி, முன்னோக்கி நடந்து உள்ளே வந்தார். வந்தவர் அதைத் தானே கவனித்து, மறுபடி வெளியே போய் இன்னொருமுறை வந்தார்.

இத்தனை ஆண்டுகளிலும் எல்வியோ அந்த வாக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வருவார், சாப்பிடுவார், வரிசையைச் சுற்றி நடப்பார், ஆட்டுமயிர்த் துணுக்கு ஒன்றைக் காற்றில் விட்டு அது போகும் வழியைப் பார்ப்பார், தலையாட்டிவிட்டுப் போவார். அனிபாலுக்குத்தான் பொறுக்கவில்லை. நேர்த்திக் கடனை முன்கூட்டியே கட்டியவன் அவன். தாகத்தாய் தன் பங்கைச் செய்யாமல் இழுத்தடிக்கிறாள் என்று அவளுடைய மாடத்தின் எதிரிலேயே நின்று முறையிட்டான்.

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலஃபாத்தே கறுநீலமாகப் பழுத்திருந்தது. அதைத் தின்ற எல்லோருடைய உதடும் நாக்கும் மையில் தோய்த்ததுபோல இருந்தன. எல்வியோவின் நீல வண்டி வந்து நின்றபோது, ஹெர்மிந்தா இரண்டு சாலைப் பணியாளர்களின் உதவியோடு பெரிய மேசையை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், இஸ்திரி போட்ட விரிப்பைக் கொண்டுவந்தார். அதில் முள் குத்திய இடங்களை நீல நூலால் பூக்களாக்கித் தைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தோம்.

விரித்தார். அது படுத்தது.

புதர்களுக்கு அப்பால் காற்று வழக்கம்போல அலறிக்கொண்டிருந்தது, கறுப்புப் புதர்கள் தரையோடு தரையாகச் சாய்ந்து எழுந்தன, கலஃபாத்தே நடுங்கியது, வில்லோ இலைகள் சலசலத்தன. விரிப்பு மட்டும் அசையாமல் கிடந்தது. ஆட்டிறைச்சி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, ரொட்டி வந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையில் எட்டுப் பேரும் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது தென்மூலை எழுந்தது. அதிகமில்லை; ஒரு சாண். எழுந்து, மடிந்து, எல்வியோவின் ரொட்டிமேல் விழுந்தது.

எல்வியோ அதை எடுத்து மெல்ல நீவினார். விட்டதும் மறுபடி எழுந்தது.

"இன்னும் ஆகலை" என்றார். "தெற்குப் பக்கம் ரெண்டு செடிக்கு நடுவுல சந்து இருக்கு. அங்க ஒண்ணு வச்சு, அது அடைய இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும்."

அனிபால் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஹெர்மிந்தா தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேசையைச் சுற்றி நடந்து, அனிபாலை வேறு இடத்துக்குத் துரத்திவிட்டு, எல்வியோவின் பக்கத்தில், தென்மூலையில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். எழுந்துகொண்டிருந்த மூலையின்மேல் தன் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது கல்லா?" என்று கேட்டார்.

எல்வியோ அந்த முழங்கையைப் பார்த்தார். எதையும் அரைகுறையாகச் சொல்லாத மனிதர். அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்லை" என்றார்.

"அப்போ சாப்பிடுங்க. ஆறுது."

சாப்பிட்டோம். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை. ஹெர்மிந்தா இடக்கையாலேயே சாப்பிட்டார். வலது முழங்கையை ஒருமுறையும் எடுக்கவில்லை. கடைசியில் தட்டைத் துடைத்த ரொட்டித் துண்டை எல்வியோ விழுங்கியதும், மேசையில் இருந்த அனைவரும் அவர் வாயையே பார்த்தோம். நீலம் படிந்த அந்த வாய் திறந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து, தெற்குச் சந்தை அளக்கப் போய்விட்டார்.

ஹெர்மிந்தா அவருடைய முதுகைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆளு கேட்கப் போறதில்லை. வாத்தியாரே, பதிவு ஆபீஸ் எந்தக் கிழமை திறந்திருக்கும்?"

செவ்வாய்க்கிழமை என்றேன். அவர் எல்வியோவைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை எந்தக் காற்றாலைக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். எல்வியோ கையில் மண்வெட்டியோடு அங்கேயே நின்றார். மற்றவர்கள் இரண்டு வாக்கியம் பேசக்கூடிய அந்த இடைவெளியில் யாரும் பேசவில்லை. பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார். சமவெளிக் காற்றில் பழகிய கை, பறந்துவிடாதபடி அதைத் தானாகவே இறுக்கிப் பிடித்தது. பிடிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை என்பது புரிந்ததும் அவர் சிரித்தார். அனிபால் எழுந்து ஓடி, இரண்டு புட்டிகளை எடுத்து வில்லோவின் மேல் கவிழ்த்தான்.

அவர்கள் மணந்து ஆண்டுகள் ஆகின்றன. தெற்குச் சந்தில் ஊன்றிய கலஃபாத்தே இப்போது முழங்கால் உயரம். மூலை இன்னும் எழுகிறது, முழங்கையும் இன்னும் ஊன்றப்படுகிறது. புதிய லாரிக்காரர் எவராவது முற்றத்து மேசையில் உட்கார்ந்தால் ஹெர்மிந்தா தன் குறையை முதலிலிருந்து சொல்வார்: பத்து வருடம் புதர் நட்டு, அழுகவிட்டு, மறுபடி நட்டு, காற்றையே நிறுத்திய மனிதர், கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று ஒருநாளாவது தன்னிடம் வாய்திறந்து கேட்கவில்லை, கடைசியில் தானே வலிய வந்து கட்ட வேண்டியதாயிற்று. எல்வியோ எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தெற்கு மூலை இன்னும் அடையவில்லை, அடைந்த பிறகு கேட்கலாம் என்றிருந்தேன் என்பார். இன்றுவரை கேட்கவில்லை.